ஹேவார்ட் ஃபால்ட் மண்டலத்தில் 1956-இல் கட்டிய வீடு: வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இர்விங்டன் புதியவர்

வணக்கம். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டின் இர்விங்டன் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஆஃபர் கொடுக்க இருக்கிறோம். 1956-இல் கட்டியது, ஒரே தளம், மரச்சட்டம், வெளியே ஸ்டக்கோ பூச்சு, செங்கல் புகைபோக்கி. தரை நேரே மண்மேல் படியவில்லை. அடியில் தவழ்ந்து போகிற அளவுக்கு கிரால் ஸ்பேஸ் இருக்கிறது. விற்பவர் தந்த இயற்கை ஆபத்து அறிக்கையில் 'நிலநடுக்கப் பிளவு (ஃபால்ட்) மண்டலம்', 'லிக்விஃபாக்‌ஷன் மண்டலம்' (குலுங்கும்போது மண் கூழாகும் இடம்) இரண்டுக்கும் 'ஆம்' என்று இருக்கிறது.

ஏஜென்ட் சொல்வது: "ஹேவார்ட் ஃபால்ட் இந்தப் பக்கம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து அழுத்தத்தைக் கழிச்சிடுது. அதனாலதான் 150 வருஷமா ஒண்ணும் நடக்கல."

இது உண்மையா? மண்டலத்துக்குள் இருப்பதும் ஃபால்ட் கோட்டின் மேலேயே இருப்பதும் ஒன்றா? கிரால் ஸ்பேஸுக்குள் போனால் எதைப் பார்க்க வேண்டும்? நிலநடுக்க இன்ஷூரன்ஸ் எடுப்பது பிரயோஜனமா? "பயப்படாதீங்க", "வாங்கவே வாங்காதீங்க" என்கிற பதில்கள் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கல்லும் மண்ணும்

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு தவறு.

ஹேவார்ட் ஃபால்ட் சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து தெற்கே ஃப்ரீமாண்ட் தாண்டி சான் ஹோசேயின் கிழக்கு மலையடிவாரம் வரை ஏறத்தாழ 119 கி.மீ. ஓடுகிறது. இரண்டு பக்க நிலமும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகும் வகை. ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கம் வலது கைப் பக்கமாக நகரும். நீண்ட கால சராசரி ஆண்டுக்கு 9 மி.மீ. அளவு. இதில் நிலத்தின் மேல்மட்டத்தில் சத்தமில்லாமல் நகர்ந்து தீருவது பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 4 முதல் 6 மி.மீ.தான். தெற்கு ஃப்ரீமாண்ட்டில் மட்டும் 9 மி.மீ. வரை அளந்திருக்கிறார்கள். ஏஜென்ட் சொல்லும் கதை இந்தக் கடைசி எண்ணிலிருந்து பிறந்ததாக இருக்கலாம்.

அந்த நகர்வு மேலே இருக்கிற சில கிலோமீட்டர் ஆழத்துக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும். நிலநடுக்கம் பிறப்பது அதற்குக் கீழே. பாறை ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதிகள் அங்கே இருக்கின்றன. அங்கே நகர்வு கழியவில்லை, சேர்ந்துகொண்டிருக்கிறது. 1868-லிருந்து இன்றுவரை ஆண்டுக்கு 9 மி.மீ. வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.4 மீட்டர். இறுகிய பகுதிகளில் இந்தக் கடன் சில நொடிகளில் தீரும்போதுதான் பெரிய அதிர்ச்சி.

1868 அக்டோபர் 21 காலை எட்டு மணிக்குச் சற்று முன் நடந்தது அதுதான். ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் ஏறத்தாழ 6.8. முப்பது பேர் அளவில் இறந்தார்கள். ஹேவார்ட் ஊர் நொறுங்கியது. சான் லியாண்ட்ரோவில் இருந்த மாவட்ட நீதிமன்றக் கட்டடம் இடிந்தது. ஃப்ரீமாண்ட்டில் இப்போது நாம் பார்க்கிற மிஷன் சான் ஹோசே தேவாலயம், 1809-இல் கட்டிய மண்கல் தேவாலயம் அன்று விழுந்ததால் பின்னாளில் அதே வடிவில் மறுபடி எழுப்பியது. நிலத்தில் விழுந்த பிளவு சான் லியாண்ட்ரோ பக்கமிருந்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை தெரிந்தது. அதாவது 'மெல்ல நகர்ந்து அழுத்தம் கழிகிறது' என்று சொல்லப்படும் அதே ஃப்ரீமாண்ட் வழியாக. 1906-இல் பெரிய பூகம்பம் வரும்வரை 'சான் பிரான்சிஸ்கோவின் பெரிய நிலநடுக்கம்' என்று மக்கள் சொன்னது இந்த 1868-ஐத்தான்.

'150 வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை' என்பது ஆறுதலாகச் சொல்லக்கூடிய வாக்கியமே அல்ல. ஃப்ரீமாண்ட் பார்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டைசன் லகூன் என்றும் டூலே பாண்ட் என்றும் சொல்கிற ஒரு குட்டை இருக்கிறது. ஃபால்ட் இழுத்ததில் நிலம் தாழ்ந்து உண்டான குட்டை அது. அதன் ஓரத்தில் பள்ளம் வெட்டி, வண்டல் அடுக்குகள் எங்கெங்கே அறுபட்டிருக்கின்றன என்று பார்த்து, கரிமக் காலக்கணிப்பு செய்து, கடந்த 1900 ஆண்டுகளில் 12 பெரிய நிலநடுக்கங்களை ஜிம் லீன்கேம்பரும் அவர் குழுவும் வரிசைப்படுத்தினார்கள். கடைசி ஐந்து ஏறத்தாழ 1315, 1470, 1630, 1725, பிறகு 1868. இவற்றுக்கிடையே சராசரி இடைவெளி 140 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. 12-க்கும் சேர்த்துப் பார்த்தால் 160 ஆண்டு அளவில், முன்னே பின்னே 65 ஆண்டு. சராசரி என்பது கெடு தேதி அல்ல. ஆனாலும் இடைவெளி நீண்டுவிட்டதை 'அமைதி' என்று படிப்பது தலைகீழ் வாசிப்பு.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் வெளியிட்ட கணிப்பில், 2014 முதல் 2043 வரையிலான 30 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எங்காவது 6.7 அல்லது அதற்கு மேல் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு. அதில் ஹேவார்டும், அதோடு விரிகுடாவுக்கு அடியில் இணையும் ரோட்ஜர்ஸ் க்ரீக்கும் சேர்ந்து 33 சதவீதம். அந்தப் பகுதியில் ஒரே ஃபால்ட்டுக்குக் கொடுத்த மிகப் பெரிய எண் இதுதான்.

மெல்ல நகர்வதே ஒரே சீராக நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1989 லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு தெற்கு ஃப்ரீமாண்ட்டில் அந்த நகர்வு சில ஆண்டுகள் ஏறக்குறைய நின்றே போயிற்று. 1996-இல் ஒரே தாவலாக 2 செ.மீ. அளவு நகர்ந்தது. பக்கத்து ஃபால்ட் அசைந்தால் இதன் மீதுள்ள அழுத்தமும் மாறுகிறது என்பதற்கு அது கண்ணெதிரே கிடைத்த சான்று.

---

வரைபடப் பிரியன்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பலரும் குழம்புவது இங்கேதான்.

மண்டலம் வேறு, கோடு வேறு. 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் தரைப் பிளவு வீடுகளை நடுவே கிழித்ததால் 1972-இல் அல்குவிஸ்ட்-ப்ரியோலோ சட்டம் வந்தது. அதன்படி கலிஃபோர்னியா புவியியல் துறை, உயிர்ப்புள்ள ஃபால்ட்டின் இரு புறமும் ஒரு பட்டையை வரைபடத்தில் குறித்தது. அந்தப் பட்டை கால் மைல் அகலம்கூட இருக்கும். அதற்குள் வீடு இருந்தால் 'ஆம்' என்று எழுதுவார்கள். அதற்கு 'உங்கள் வீட்டுக்கு அடியில் ஃபால்ட் போகிறது' என்று பொருளில்லை. 'புதிதாகக் கட்டுவதானால் முதலில் புவியியலாளர் ஆய்வு செய்ய வேண்டிய இடம்' என்றுதான் பொருள். ஃபால்ட் கோட்டின் மேல் ஆட்கள் வசிக்கும் கட்டடம் எழுப்பக் கூடாது. ஆய்வு வேறு மாதிரிச் சொன்னால் ஒழிய, கோட்டிலிருந்து 50 அடி வரை உள்ள நிலத்தையும் ஃபால்ட் கிளை ஓடும் இடமாகவே சட்டம் கருதும்.

உங்கள் வீடு 1956. சட்டத்துக்கு 16 ஆண்டு முந்தியது. ஆகவே அந்த மனையை யாரும் வெட்டிப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமே இருந்ததில்லை. 1972-க்குப் பிறகு கட்டியதாக இருந்தாலும்கூட, நான்கு வீடுகளுக்குக் குறைவான திட்டத்தில் தனியாகக் கட்டிய, இரண்டு தளத்துக்கு மிகாத மரச்சட்ட வீட்டுக்கு விலக்கு உண்டு. எனவே 'பெர்மிட் வாங்கித்தான் கட்டியிருக்கிறார்கள்' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இது. கலிஃபோர்னியா புவியியல் துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டு மண்டலத்தைப் பாருங்கள். பிறகு நைல்ஸ் வட்டாரத்துக்கான அதே துறையின் வரைபடத் தாளை இறக்கி, பட்டைக்குள் ஓடும் கோட்டை எடுங்கள். முழுக்கோடாக இருந்தால் இடம் துல்லியமாகத் தெரியும் என்று அர்த்தம். விட்டுவிட்டு இருந்தால் தோராயம். புள்ளிக்கோடாக இருந்தால் மண்ணுக்குள் மறைந்திருப்பதை ஊகித்து வரைந்தது. கோட்டிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 200, 300 அடி தள்ளி இருந்தால் தரை கிழியும் அபாயம் பெரிதும் குறைகிறது, மிஞ்சுவது குலுக்கல். அதற்கு மருந்து உண்டு. 50 அடிக்குள் என்றால், அடுத்த தெருவில் யாராவது புது வீடு கட்டியபோது சமர்ப்பித்த ஆய்வறிக்கை நகர நிர்வாகத்தின் கோப்பில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். தேவைப்பட்டால் உரிமம் பெற்ற பொறியியல் புவியியலாளர் ஒருவரை ஆஃபர் நிபந்தனைக் காலத்துக்குள்ளேயே கூட்டிப் போங்கள்.

நடந்து பார்த்தாலும் நிறையத் தெரியும். ஃபால்ட் குறுக்கே போகும் தெருவில் நடைபாதை ஓரக்கல் நேர்கோட்டிலிருந்து வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். தார்ச்சாலையில் ஒரே நீள வெடிப்பாக இராது. சாய்வான சிறு வெடிப்புகள் படிக்கட்டு மாதிரி வரிசையாகப் போகும். வேலிக் கம்பங்கள் ஓரிடத்தில் மட்டும் வளையும். மரவேர் தூக்கிய நடைபாதையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: வேர் மேலே தூக்கும், ஃபால்ட் பக்கவாட்டில் தள்ளும். பக்கத்து ஊரில் பார்த்துப் பழக வேண்டுமானால் ஹேவார்டின் பழைய நகர மன்றக் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். ஃபால்ட் அடியில் ஓடிச் சுவர்கள் வெடித்ததால் கைவிட்டுவிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியம் கோட்டின் மேலேயே நிற்கிறது. 2010-க்குப் பிந்தைய சீரமைப்பில் ஃபால்ட் கடக்கும் பகுதிகளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, நிலம் நகரும்போது அவையும் தனியே நகரும்படி அமைத்தார்கள். வீட்டுக்கு அப்படிச் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் தூரத்தை அளக்கச் சொல்கிறேன்.

பின்னாளில் வீட்டைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் ஒரு குறிப்பு: கட்டட மதிப்பில் 50 சதவீதத்துக்கு மேல் போகும் விரிவாக்கம் இந்தச் சட்டத்தின் விலக்கை இழக்கக்கூடும். அப்போது பள்ளம் வெட்டிச் செய்யும் ஆய்வு உங்கள் செலவு.

லிக்விஃபாக்‌ஷன் 1990-இல் வந்த வேறு சட்டத்தின் கீழ் வருவது. நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது கூழாகிப் பிடிப்பை இழக்கும். நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் என்பதுதான் இதில் முக்கியம். ஃப்ரீமாண்ட்டில் ஹேவார்ட் ஃபால்ட் நிலத்தடி நீருக்கு ஓர் அணை மாதிரி நிற்பதால் அதன் கிழக்கிலும் மேற்கிலும் நீர்மட்டம் வேறுவேறு. குடிநீர் வாரியமே இரண்டையும் தனித்தனி நீர்ப்படுகையாகத்தான் கணக்கு வைக்கிறது. ஒரு தள மரவீடு லிக்விஃபாக்‌ஷனில் கவிழ்ந்துவிடாது. ஒரு மூலை இறங்கும், அஸ்திவாரம் வெடிக்கும், கழிவுநீர்க் குழாய் உடையும்.

---

தச்சு வேலை

கிரால் ஸ்பேஸ் கேள்விக்கு நான். உங்கள் பணம் நேராகப் பலன் தருகிற இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டார்ச், முழங்கால் பட்டை, டேப், செல்போன் கேமரா எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் முதல் மரம் மட்சில். அதன் மேல் நேரடியாகத் தரை உத்தரங்கள் இருக்கின்றனவா, இல்லை நடுவில் ஒன்றிரண்டு அடி உயரத்தில் குட்டைச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குட்டைச் சுவருக்கு கிரிப்பிள் வால் என்று பெயர். 1989-இலும் 2014 நாபாவிலும் இந்த வகை வீடுகள் சேதப்பட்டது இரண்டே வழியில்தான்: ஒன்று மட்சில் அஸ்திவாரத்திலிருந்து வழுக்கி விழுவது, இல்லையென்றால் குட்டைச் சுவர் பக்கவாட்டில் மடிந்து வீடு முழுதும் இரண்டடி கீழே உட்கார்வது. மேலே வீடு அப்படியே இருக்கும், ஆனால் கேஸ் குழாய், தண்ணீர், கழிவுநீர் எல்லாம் அறுந்திருக்கும்.

முதலில் போல்ட். 1956 வீட்டில் இருக்கவும் வாய்ப்பு உண்டு, இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அரை அங்குலக் கம்பி, 6 அடிக்கு ஒன்று, சின்ன வட்ட வாஷர். எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கியதால் பல தளர்ந்திருக்கும். கரையானோ ஈர அழுகலோ இருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவர் முனையால் மட்சிலைக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்றாமல் போல்ட் போடுவது வீண். கான்கிரீட்டையும் அதே முனையால் கீறுங்கள். மணலாக உதிர்ந்தால் புது போல்ட் பிடிக்காது, அஸ்திவார வேலை தனியாக வரும்.

புதிதாகப் போடும் போல்ட்டுக்குப் பழைய வீடுகளுக்கான விதித்தொகுப்பு சொல்வது: அரை அங்குலத்துக்குக் குறையாத விட்டம் (பலரும் 5/8 போடுவார்கள், வித்தியாசம் சொற்பப் பணம்), ஒரு தளத்துக்கு 6 அடிக்கு மிகாத இடைவெளி, இரண்டு தளத்துக்கு 4 அடி, ஒவ்வொரு மட்சில் துண்டுக்கும் குறைந்தது இரண்டு, முனையிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஒன்று. வாஷர் 3 அங்குலச் சதுரத் தகடு, ஏறத்தாழ கால் அங்குலத் தடிமன். வட்ட வாஷர் மரத்துக்குள் புதைந்து, மட்சில் நீளவாக்கில் பிளந்துவிடும். சதுரத் தகடு அதைத் தடுக்கத்தான். எப்பாக்ஸி போல்ட் என்றால் துளைத்த பிறகு ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதித் தூசியை முழுக்க எடுக்க வேண்டும். தூசியோடு எப்பாக்ஸி விட்டால் அது தூசியில்தான் ஒட்டும், கான்கிரீட்டில் ஒட்டாது. வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இந்தத் தவறு தெரியாது. ஆகையால் துளைக்கும் அன்றே பக்கத்தில் இருங்கள். குனிய இடமில்லாமல் மேலிருந்து துளைக்க முடியாத இடங்களில், அஸ்திவாரத்தின் பக்கவாட்டில் பூட்டும் எஃகுத் தகடு கிடைக்கிறது.

அடுத்தது பிளைவுட். போல்ட் மட்டும் போட்டுக் குட்டைச் சுவரை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. போல்ட் மட்சிலைப் பிடிக்கும். சுவர் அதற்கு மேல் மடியும். 15/32 அங்குல ஸ்ட்ரக்சுரல் பிளைவுட்டை உள்பக்கம், மூலைகளில் தொடங்கி அடிக்க வேண்டும். 8டி காமன் ஆணி, விளிம்பு நெடுகிலும் 4 அங்குலத்துக்கு ஒன்று, நடுக்கட்டைகளில் 12 அங்குலத்துக்கு ஒன்று. கட்டைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு அறைக்கும் மேலும் கீழுமாக 2 முதல் 3 அங்குல வட்டத் துளை விட வேண்டும், இல்லையேல் ஈரம் அடைந்து பத்து வருஷத்தில் அழுகிவிடும். வெளியே இருக்கிற காற்றோட்ட ஜன்னல்களை அடைத்துவிடக் கூடாது.

இதில் பிழை வருவது ஆணியில். மட்சில் 6 அங்குல அகலம், மேலே நிற்கும் கட்டை 4 அங்குலம் என்றால் இரண்டும் ஒரே மட்டத்தில் இராது. பிளைவுட்டின் கீழ் விளிம்பு மட்சிலைத் தொடாமல் நிற்கும். கட்டைகளுக்கு நடுவே மட்சில் மேல் பொருத்துக்கட்டை வைத்து, அதை மட்சிலோடு நன்றாக ஆணியடித்து, அதில் பிளைவுட்டை அடிக்க வேண்டும். அந்தக் கட்டை பிளந்தால் வேலை வீண். ஆணி துப்பாக்கியின் அழுத்தம் கூடி, தலை பிளைவுட்டின் மேல் ஏட்டைக் கிழித்து உள்ளே போயிருந்தால் அந்த ஆணியைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மூன்றாவது, மேல் இணைப்பு. குட்டைச் சுவரின் தலைக்கட்டையைத் தரை உத்தரத்தோடு கோண இரும்பால் இணைக்க வேண்டும். போல்ட், பிளைவுட், மேல் இணைப்பு மூன்றும் ஒரே சங்கிலி. எது விட்டாலும் அந்த இடத்தில் வீடு வழுக்கும்.

குட்டைச் சுவர் 4 அடிக்கு மேல், சரிவு நிலம், செங்கல் அஸ்திவாரம், இரண்டு கார் கராஜுக்கு மேல் அறை: இவற்றில் எது இருந்தாலும் தரப்படுத்திய வரைபடம் செல்லாது, இன்ஜினியர் கணக்கு வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 'பிரேஸ் பிளஸ் போல்ட்' திட்டம் தகுதியுள்ள அஞ்சல் குறியீடுகளில் 1980-க்கு முன் கட்டிய, உயர்த்திய அஸ்திவார மரவீடுகளுக்கு 3000 டாலர் வரை உதவுகிறது. பதிவுக் காலம் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் திறந்திருக்கும். தேர்வாகி ஒப்புதல் வரும்முன் வேலை தொடங்கினால் பணம் கிடைக்காது.

புகைபோக்கி: கூரைக்கு மேல் நிற்கும் செங்கல் பகுதிதான் முதலில் விழுவது. அது விழக்கூடிய திசையில் படுக்கை, சிறுவர் விளையாடும் இடம், நடைவழி இருக்கக் கூடாது. நெருப்பு மூட்டும் வழக்கம் இல்லையென்றால் கூரை மட்டத்துக்கு இடித்து மூடிவிடலாம்; உயரத்தைக் குறைக்காமல் கம்பி கட்டி நிறுத்துவதை நான் நம்பமாட்டேன்.

வாட்டர் ஹீட்டருக்கு இரண்டு பட்டைகள் வேண்டும்: உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று; கீழ்ப்பட்டை கன்ட்ரோலுக்கு 4 அங்குலமாவது மேலே. ஜிப்சம் பலகையில் திருகியிருந்தால் செல்லாது, உள்ளே இருக்கும் மரக்கட்டையில் லேக் ஸ்க்ரூ இறங்க வேண்டும். கேஸ் இணைப்பு வளையும் குழாயாக இருக்கட்டும்.

---

பாலிசி வாசகர்

வீட்டு இன்ஷூரன்ஸ் நிலநடுக்கத்துக்குச் செல்லாது. தனியாக எடுக்க வேண்டும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு கம்பெனிகள் பின்வாங்கியதால் 1996-இல் சி.இ.ஏ. (கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம்) அமைந்தது, பெரும்பாலான பாலிசிகள் உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாக அங்கேதான் போகும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலநடுக்கத்தைத் தொடர்ந்து தீப்பிடித்து வீடு எரிந்தால் அது சாதாரண வீட்டு பாலிசியிலேயே வரும். நிலநடுக்க பாலிசி குலுக்கல் சேதத்துக்கு.

டிடக்டிபிள் (இழப்பில் கம்பெனி கொடுக்காமல் கழித்துக்கொள்ளும் பகுதி) 5 முதல் 25 சதவீதம். இது சேதத்தின் சதவீதம் அல்ல, காப்பீட்டுத் தொகையின் சதவீதம். வீட்டைத் திரும்பக் கட்ட 6 லட்சம் டாலர் என்று காப்பீடு, 15 சதவீத டிடக்டிபிள் என்றால் 90,000. சேதம் 80,000 என்றால் வீட்டுக்காக ஒரு காசு வராது. சேதம் 2 லட்சம் என்றால் 1,10,000 வரும். 90,000-ஐ முதலில் நீங்கள் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, கொடுக்கும் தொகையில் கழித்துக்கொள்வார்கள். வீட்டை விட்டு வெளியே தங்கும் செலவுக்கான பிரிவுக்கு டிடக்டிபிள் கிடையாது. வாடகை இருக்கிற இருப்பில், குழந்தைகள் உள்ள குடும்பம் அந்தப் பிரிவைக் குறைக்கவே கூடாது.

தச்சு வேலை சொன்னது இங்கேயும் பணமாகிறது. முறைப்படி ரெட்ரோஃபிட் (போல்ட், பிளைவுட் போட்டுப் பலப்படுத்துவது) ஆன பழைய உயர்த்திய அஸ்திவார வீட்டுக்கு பிரீமியத்தில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. செய்யாத வீட்டுக்கு 5, 10 சதவீத டிடக்டிபிள் வாய்ப்பே இராது, 15-லிருந்துதான்.

காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃப்ரீமாண்ட்டில் விலையின் பெரும்பகுதி மனைக்கு, பாலிசி கட்டடத்துக்கு. நிலம் கிழிந்தாலும் இறங்கினாலும் அந்த நிலத்தின் மதிப்பு திரும்ப வராது. எனவே கோட்டிலிருந்து 50 அடிக்குள் உள்ள வீட்டை இன்ஷூரன்ஸை நம்பி வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. 300 அடி தள்ளி இருந்து, ரெட்ரோஃபிட் ஆகி, சேமிப்பெல்லாம் அந்த வீட்டில்தான் என்றால் 15 சதவீத பாலிசி எடுப்பேன்.

---

தண்ணீர்க் குழாய்

வீடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பிரச்சினை தண்ணீர். யாரும் இதைத் தொடவில்லை, ஆகவே சேர்க்கிறேன்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2018-இல் 'ஹேவயர்ட்' என்ற பெயரில் ஓக்லாண்டை மையமாக வைத்து ஹேவார்ட் ஃபால்ட்டில் 7.0 வந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. 800 பேர் அளவில் மரணம், 18,000 பேர் காயம், 400-க்கு மேற்பட்ட தீ விபத்துகள், லிஃப்ட்டுகளில் 22,000 பேர் சிக்கலாம், கிழக்கு விரிகுடாவில் சிலருக்கு ஆறு மாதம் வரை குழாய்த் தண்ணீர் இல்லை. தீயும் தண்ணீரும் ஒன்றோடொன்று பின்னியவை: குழாய் உடைந்தால் அணைக்கவும் தண்ணீர் இராது.

ஃபால்ட்டைக் கடக்கும் குழாய்கள் எல்லாமே உடையும் என்றும் இல்லை. ஹெட்ச் ஹெட்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் பெரிய குழாய்கள் ஃப்ரீமாண்ட்டில் 680 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஃபால்ட்டைத் தாண்டுகின்றன. அங்கே கான்கிரீட் அறைக்குள், வளைவதற்குப் பந்து மூட்டும், நீள்வதற்குச் சறுக்கு மூட்டும் வைத்துக் குழாயை மாற்றி அமைத்திருக்கிறார்கள். தெருவுக்குள் ஓடும் பழைய சிறு குழாய்களுக்கு அந்த வசதி இல்லை, உடைவது அங்கேதான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3.8 லிட்டர். நான்கு பேர், இரண்டு வாரம் என்றால் 213 லிட்டர். ஒரு 55 கேலன் நீல டிரம் 208 லிட்டர். பட்டை கட்டிய வாட்டர் ஹீட்டருக்குள் இன்னும் 150 லிட்டர் அளவு இருக்கும். வெளியிலிருந்து வரும் வால்வை உடனே மூடினால்தான் அது சுத்தமாக இருக்கும். கேஸையோ மின்சாரத்தையோ நிறுத்தி, ஆறவிட்டு, மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடிக் குழாயில் பிடிக்க வேண்டும்.

கேஸ் மீட்டர் பக்கத்தில் 12 அங்குல ஸ்பேனர் கட்டி வையுங்கள். கால் திருப்பு, வால்வு குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியாயிற்று. வாசனை, சீறும் ஓசை, மீட்டர் வேகமாகச் சுற்றுவது, வீடு அஸ்திவாரத்திலிருந்து நகர்ந்திருப்பது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் மட்டும் மூடுங்கள். மூடியதைத் திரும்பத் திறக்க கேஸ் கம்பெனி ஆள்தான் வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். தானாக மூடும் வால்வும் கிடைக்கிறது.

போனில் மைஷேக் என்ற நிலநடுக்க முன்னெச்சரிக்கைச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எதிர்பார்ப்பை அளந்து வையுங்கள். ஓக்லாண்டில் தொடங்கினால் இர்விங்டன் ஏறத்தாழ 40 கி.மீ.; கடுமையான குலுக்கல் அலை வர 11, 12 நொடி. கருவி கண்டுபிடித்து அனுப்பும் நேரம் போக உங்களுக்குச் சில நொடிகள், மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளப் போதும். ஃப்ரீமாண்ட்டிலேயே தொடங்கினால் குலுக்கல் முந்திவிடும். வாசல்நிலையில் போய் நிற்பது மண்வீட்டுக் காலத்து யோசனை. மரச்சட்ட வீட்டில் வாசல்நிலைக்குத் தனிப் பலம் இல்லை, கதவும் அடிக்கும்.

---

இர்விங்டன் புதியவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாளில் அளந்ததில் முழுக்கோட்டிலிருந்து வீட்டின் அருகு மூலை 340 அடி. கிரால் ஸ்பேஸில் குட்டைச் சுவர் 22 அங்குலம்; போல்ட் 6 அடிக்கு ஒன்று, வட்ட வாஷர்; பிளைவுட் எங்கும் இல்லை. மட்சிலும் கட்டையும் ஒரே மட்டம். ஸ்டக்கோ வெளியே இருப்பதே சுவருக்குப் பிடிப்புதானே என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். அதோடு, போல்ட் ஏற்கெனவே இருப்பதால் பிளைவுட் மட்டும் அடித்தால் போதுமா? வீட்டின் பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசலும் இருக்கிறது.

---

தச்சு வேலை

22 அங்குலம், ஒரே மட்டம்: நல்ல செய்தி, பொருத்துக்கட்டை வேலை இல்லை, தரப்படுத்திய வரைபடமே போதும். பழைய ஸ்டக்கோவை நம்ப வேண்டாம். அடியில் உள்ள வலையைப் பிடித்த ஆணிகள் எழுபது வருஷ ஈரத்தில் துருப்பிடித்திருக்கும். சில குலுக்கலில் பூச்சு மட்டும் உரிந்துவிடும், சுவர் தன் பாட்டுக்கு மடியும். பழைய போல்ட்களை விட்டுவைக்கலாம், நட்டை இறுக்கி வட்ட வாஷருக்குப் பதில் சதுரத் தகடு மாற்றுங்கள். ஆனால் பிளைவுட் பலகை வரும் ஒவ்வொரு பகுதியிலும் புது போல்ட் வேண்டும். பலகை எடுத்துக்கொள்ளும் விசையை அந்த இடத்திலேயே கான்கிரீட்டுக்கு இறக்க வேண்டும். பெர்மிட் எடுத்துச் செய்யுங்கள். தள்ளுபடிக்கும் உதவித்தொகைக்கும் அந்தக் காகிதம் தேவை.

---

வரைபடப் பிரியன்

340 அடி என்றால் பெரிய கவலை விலகியது. ஜன்னல் மூலைச் சாய்வு விரிசல் பெரும்பாலும் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் விரிவதால் வருவது. இரண்டு பக்கத்திலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, தேதி எழுதி, அக்டோபரிலும் ஏப்ரலிலும் அளந்து பாருங்கள். மூடித் திறந்தால் மண். ஒரே திசையில் பக்கவாட்டாக விலகிக்கொண்டே போனால் மட்டும் புவியியலாளரைக் கூப்பிடுங்கள். மெல்ல நகர்வதால் வரும் விரிசல் நிலநடுக்கச் சேதமாகக் கணக்கில் வராது என்பதால், சாவி வாங்கும் அன்றே எல்லா வெடிப்புகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

2014 நாபாவில் நிலநடுக்கம் முடிந்த பிறகும் தரைப் பிளவு மாதக்கணக்கில் மெல்ல விலகிக்கொண்டே இருந்தது. ஹேவார்டிலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனவே கோட்டைக் கடக்கும் உங்கள் தெருவின் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் நகர நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரம் வேலை செய்கிற குழாய் மூன்றாவது வாரம் மூட்டு விலகி அடைபடலாம்.